செல்லாத ஒன்பது சீட்டு

ஓட்டுப் போட்டவருக்கு வலது கை ஆட்காட்டி விரலில் மை வைப்பார்கள் என்று ஒரு கருத்து இந்த நாட்டில் பரவியிருக்கிறது. படித்தவர்களும் நம்புகிறார்கள். அது தவறு, தம்பி. இடது கை. இடது கை ஆட்காட்டி விரலில், நகத்தின் நுனியிலிருந்து முதல் கணு வரை ஒரு கோடு. இடது கையே இல்லாதவருக்குத்தான் வலது கை. இந்தச் சின்ன விஷயத்தைத் தெரிந்துகொள்ளாத ஒரு ஜனக்கூட்டம் தன்னைக் குடியரசு என்று சொல்லிக்கொள்வது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஏன் சொல்கிறேன் என்றால், எதிரே அந்தச் சுவரொட்டியைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள். அதில் கதாநாயகன் எந்த விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறான்? பார்த்தீர்களா? வலது. அந்தப் படத்தை எங்கள் ஊரில்தான் எடுத்தார்கள். மருதடியூர். படத்தின் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. பஸ் கிளம்ப இன்னும் நேரமிருக்கிறது. டிரைவர் இப்போதுதான் வடை வாங்கப் போயிருக்கிறார். நீங்கள் அதைச் சிரிப்புப் படம் என்று நினைத்துப் பார்த்துவிடக் கூடாதே என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் பூகோள ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் சிதம்பரநாதன், ஊரில் ‘பூகோளம்’ என்பார்கள். வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ தேர்தல்களுக்கு வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் போயிருக்கிறேன். ஒரு பெட்டியிலும் ஒரு வில்லங்கம் வந்ததில்லை. நான் எந்தக் கட்சியும் இல்லை. அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் அப்படிச் சொல்லிக்கொள்ள என் ஒருவனால்தான் முடியும். மற்றவர்களெல்லாம் பிறக்கும்போதே கட்சிக்காரர்கள். இந்தக் கட்சிக்காரன் அந்தக் கட்சிக்காரன் கடையில் டீ குடிக்க மாட்டான். சலூன்கூட இரண்டு. தலையில் இருக்கிற முடி ஒன்றுதான், அதை வெட்ட இரண்டு கொள்கை.

இப்படிப்பட்ட ஊரில் என் மகளுக்கு ஒரு சம்பந்தம் அமைந்தது. மகள் பெயர் மங்கையர்க்கரசி. வீட்டில் அரசி. மாப்பிள்ளை எங்கள் பெரிய தெருவிலேயே எதிர் வீடு. நாங்கள் வடக்கு வரிசை, அவர்கள் தெற்கு வரிசை. பையன் கோமதிநாயகம், மின்வாரியத்தில் இருக்கிறான், நல்ல பையன். அவன் அப்பா ஆவுடையப்பன் அரிசி மில் வைத்திருக்கிறார். கட்சியில் ஊறியவர். ஆனாலும் நிச்சயத்தன்று தட்டு மாற்றும்போது அவரே சொன்னார்: “வே பூகோளம், நம்ம வீட்டுக் கல்யாணத்துல எந்தக் கட்சித் தலைவன் போட்டாவும் கெடையாது. பத்திரிகையில புள்ளையாரு மட்டும்தான். அவரு ஒருத்தருதான் இன்னும் எதுலயும் சேரல.” எனக்கே அவர்மேல் மரியாதை வந்தது. தையில் கல்யாணம் என்று பேசிவிட்டோம். அதுவரை எல்லாம் சுத்தமாக இருந்தது.

ஆடியில் சினிமாக்காரர்கள் வந்தார்கள்.

இயக்குநர் இளம்பரிதி என்று ஒரு பையன். தாடி. ஒரு சின்ன ஊர் இரண்டு கட்சியாகப் பிளந்து கிடக்கிறது, அப்பனும் மகனும் பேசிக்கொள்வதில்லை, கடைசியில் எல்லாரும் கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள். இதுதான் கதை. “சார், படத்தோட மெசேஜே ஒற்றுமைதான் சார்” என்றான். எழுபதுகளில் நடக்கிற கதையாம், அதனால் வாக்குச்சீட்டு, பெட்டி எல்லாம் வேண்டும். யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். வந்து ஆலோசகராக இருங்கள் என்று கூப்பிட்டான். மறுக்க எனக்கு மனம் வரவில்லை. நாம் போகாவிட்டால் வலது கையில் மை வைத்துவிடுவார்களே.

படத்தில் வருகிற கட்சிகள் நிஜக் கட்சிகளாக இருக்கக் கூடாது, வம்பு வரும் என்று மிகவும் யோசித்து இரண்டு கட்சிகளை உண்டாக்கியிருந்தார்கள். ஒன்றுக்குச் சின்னம் அம்மி. இன்னொன்றுக்கு உரல். அம்மிக்கு ஊதா நிறம், உரலுக்கு இளஞ்சிவப்பு. எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத நிறங்களாம். “ரெண்டுக்கும் கொள்கையில என்ன வித்தியாசம் தம்பி?” என்று கேட்டேன். “ஒண்ணுமே இல்ல சார், ரெண்டும் கல்லுதான். அதான் காமெடி” என்றான்.

கூட்டத்துக்கு ஊர்க்காரர்களையே எடுத்தார்கள். அந்தப் படக் கம்பெனி மேனேஜர், ஒரு கட்டை ஆள், தெரு நடுவில் நின்று இரண்டு கையையும் நீட்டினார். “இந்தப் பக்கம் பூரா அம்மி, அந்தப் பக்கம் பூரா உரல். வேட்டி வாங்கிக்கிட்டுக் கெளம்புங்க.” அவ்வளவுதான் கொள்கை விளக்கம். வடக்கு வரிசைக்கு ஊதாக் கரை வேட்டி, தெற்கு வரிசைக்கு இளஞ்சிவப்புக் கரை வேட்டி. தெருவில் யார் எந்த நிஜக் கட்சி என்று அவர் ஒருவரையும் கேட்கவில்லை. நாற்பது வருஷம் எதிரெதிராக மேடை போட்டவர்கள் பக்கத்துப் பக்கத்து வீடு என்பதால் ஒரே அம்மியில் வந்து சேர்ந்தார்கள். ஒரே கொடிக்கம்பத்தைச் சேர்ந்து நட்டவர்களில் ஒருவர் அம்மி, ஒருவர் உரல்.

இரண்டு நாள் வேடிக்கையாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் வடக்கு வரிசையில் ஒருவன் தன் வீட்டுச் சுவரில் தானாகவே அம்மி வரைந்தான். கம்பெனி வரையச் சொல்லவில்லை. உடனே எதிர்ச்சுவரில் உரல் வந்தது. உலக்கையோடு. பிறகு ஒரு மாட்டின் கொம்பில் இளஞ்சிவப்பு. சாக்கடை ஓரம் முழுக்கப் பிரியாணிப் பொட்டலம், பசை வாளி, ஊதாக் காகிதத் தோரணம். அதன்மேல் ஈ. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் தெருவில் நடந்தேன். படப்பிடிப்பு இல்லாத நாளிலும் கோஷம். “அரைப்போம்” என்று இவர்கள் கத்தினால் “இடிப்போம்” என்று அவர்கள். வளர்ந்த ஆம்பிளைகள், தம்பி. மீசை நரைத்தவர்கள்.

நான் எதிலும் சேரவில்லை. நாங்கள் கத்தியதில் ஒரு கண்ணியம் இருந்தது என்பது வேறு விஷயம். நாங்கள் என்றால், அம்மிக்காரர்கள். நான் வடக்கு வரிசையில் குடியிருப்பவன் என்ற அளவில் சொல்கிறேன். இந்த வேட்டியைப் பார்க்கிறீர்கள். ஊதாக் கரைதான். எல்லாருக்கும் கொடுத்தார்கள், எனக்கும் கொடுத்தார்கள். பருத்தி நன்றாக இருக்கிறது, உடுத்துகிறேன். வேட்டிக்குக் கட்சி கிடையாது.

வாக்குப்பதிவுக் காட்சியைப் பள்ளிக்கூடத்தில் எடுத்தார்கள். என் பழைய வகுப்பறை. இளம்பரிதி கூட்டத்திடம் சொன்னான்: “முகத்துல இயல்பு வேணும். நடிக்காதீங்க. உங்க இஷ்டத்துக்கு நெஜமாவே குத்தி மடிச்சுப் பெட்டியில போடுங்க.” மறைப்புக்குப் பின்னால் ஒருவர் ஒருவராகப் போய் முத்திரை குத்திப் போட்டார்கள். காலையில் வடக்கு வரிசை. சாப்பாட்டுக்குப் பிறகு தெற்கு வரிசை. நடுவில் அந்தக் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்த முத்திரைக் கட்டையில் ரப்பர் கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது. பிறகு வந்தவர்கள் கட்டையைத் தேய்த்துப் பார்த்தார்கள், பதியவில்லை. சிலர் பெருவிரலை மையில் தொட்டுச் சின்னத்தின்மேல் வைத்துவிட்டுப் போனார்கள். நானும் ஒரு ஓட்டுப் போட்டேன். யாருக்கு என்று சொல்ல மாட்டேன், வாக்கு ரகசியமானது. உரலுக்குப் போடுகிற மனிதன் எப்படி இருப்பான் என்று யோசித்துப் பார்த்ததும் இல்லை.

காட்சி முடிந்தது. பெட்டியை லாரியில் ஏற்றப் போனார்கள். நான் நிறுத்தினேன்.

“தம்பி, இதில் ஓட்டு விழுந்திருக்கிறது. எண்ண வேண்டும்.”

“சார், அது சும்மா சார். உரல் ஜெயிக்குது, ஹீரோ உரல்ல இருக்காரு. ஸ்கிரிப்ட்ல இருக்கு.”

“ஸ்கிரிப்டில் இருப்பது முன்கூட்டியே எழுதப்பட்ட முடிவு. அதற்குச் சட்டத்தில் வேறு பெயர்.”

அவன் சிரித்தான். “சரி சார், எண்ணுங்க, நாங்க பாக்குறோம்” என்று ஒரு சின்ன கேமராவை வைத்துவிட்டான். ஊரே ஜன்னலில் தொங்கியது. உரல் சார்பில் ஏஜெண்டாக ஆவுடையப்பன் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். சம்பந்தி என்பதற்காக நான் அவருக்கு நாற்காலி போடவில்லை. முறை முறைதான்.

எண்ணினேன். உரலுக்கு விழுந்த சீட்டுகளில் ஒன்பதில் பெருவிரல் ரேகை. விதி என்ன? வாக்காளர் யார் என்று அடையாளம் காட்டும் குறி சீட்டில் இருந்தால் அது செல்லாது. கைரேகையைவிட ஒருவனை அடையாளம் காட்டும் குறி உலகத்தில் உண்டா? ஒன்பதையும் தனியே வைத்தேன். அம்மியிலும் இரண்டு சீட்டு பெருவிரலில் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்த இரண்டிலும் ரேகை இழுபட்டு மங்கலாக இருந்தது. யாருடையது என்று எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே ரகசியம் காப்பாற்றப்பட்டிருக்கிறது. ஆகவே செல்லும். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இரண்டு தடவை பார்த்தேன். அம்மி மூன்று ஓட்டில் வெற்றி. மைக்கில் அறிவித்தேன்.

அறிவித்தபோது ஒரு தவறும் செய்யவில்லை. “செல்லாதவை” என்று சொல்லி ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்டினேன். அதுதான் வழக்கம். ஜன்னலில் இருந்து எவனோ, “அந்தப் பெரிய ரேகை உமையம்மா ரேகைல்லா, தோசை திருப்பித் திருப்பித் தேஞ்சது” என்றான். ஆவுடையப்பனின் மனைவி உமையம்மாள். ஊர் சிரித்தது. எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மறுநாள் உரல் வெற்றி ஊர்வலம் எடுக்க வேண்டும். வடக்கு வரிசை வாசலில் தோற்ற முகத்தோடு நிற்க வேண்டும். ஒருவரும் நிற்கவில்லை. ஜெயித்தவன் எப்படித் தோற்ற முகம் காட்டுவான்? இளம்பரிதி வீடு வீடாக வந்து கும்பிட்டான். “சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார், கேப்பாங்க.” எண்ணிய முடிவுக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை என்றேன். கடைசியில் பக்கத்து ஊரிலிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தி அழச் சொன்னார்கள். என் வாசலில், தம்பி, முன்பின் தெரியாத ஒருவன் ஊதாக் கரை வேட்டியோடு உட்கார்ந்து எனக்குப் பதிலாக அழுதான். அந்தப் பக்கம் தெற்கு வரிசை மொத்தமும் ஆடியது. ஆவுடையப்பன் மாலையோடு நடந்து போனார். அந்த மனுஷனை நான் எவ்வளவு உயரத்தில் வைத்திருந்தேன்.

படக்காரர்கள் போய்விட்டார்கள். நிறம் போகவில்லை. டீக்கடைகளில் ஆட்கள் இடம் மாறினார்கள். பழைய கட்சிக் கொடிக்கம்பங்கள் சும்மா நிற்கின்றன. கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் அம்மி அணி, உரல் அணி என்று நின்றார்கள். என்ன கேவலம்! எதற்குச் சண்டை என்று கேட்டால் ஒருவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. “அவங்க உரலு சார்” என்கிறான். கொள்கை இல்லாத சண்டையைப் போல அசிங்கம் வேறு இல்லை. எனக்காவது விதி என்று ஒன்று இருக்கிறது.

ஒரு நாள் காலையில் ஆவுடையப்பன் வந்தார். உட்காரவில்லை.

“வே, ஆடுனது முடிஞ்சிபோச்சு. அந்த ஒம்போது சீட்டும் செல்லும்னு நாலு பேரு கேக்க ஒரு வார்த்த சொல்லிப்போடும். தையில கல்யாணத்த முடிச்சிருவோம்.”

“முடிந்துபோன ஆட்டம்தானே? பிறகு ஏன் சொல்லச் சொல்கிறீர்?”

“எம் பொண்டாட்டி வெளிய எறங்க முடியல வே. காய்கறிக் கடையில போயி நின்னா, ‘செல்லாத ஓட்டு வந்திருக்கு, தக்காளி போடு’ங்கானுவ. சம்பந்தக்காரரு வாயால வந்த வார்த்தல்லா அது. அதத்தான் அவளால தாங்க முடியல.”

“அவர்களை நான் கண்டிக்கிறேன். சீட்டு செல்லாது.”

“அப்ப அம்மியில ரெண்டு மட்டும் எப்படிவே செல்லிச்சி?”

ரேகையின் தெளிவு பற்றி விளக்கினேன். “உம்ம பூகோளத்துல தெக்குன்னு ஒரு திசை உண்டா வே?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பூகோளத்தைப் பற்றி அரிசி மில்காரர் எனக்குச் சொல்கிறார்.

அன்று மாலை அரசி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, ‘செல்லும்’. மூணே எழுத்து. நாலுன்னு வேணா வச்சிக்கோங்க. எனக்காகச் சொல்லுங்க.”

“உனக்காகச் சொன்னால் அது பாரபட்சம் அம்மா.”

“அது அட்டைப் பெட்டிப்பா.”

“பெட்டி அட்டையாக இருக்கலாம். சீல் அரக்கு. நானே உருக்கி வைத்தது.”

அவள் எழுந்துபோய் அவள் அம்மாவிடம், “அம்மா, நான் தெற்கு வரிசைக்குத்தான் போகப்போறேன். அப்பாவுக்கு வசதிப்பட்டா வரட்டும்” என்றாள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு ஒரு நடைமுறைமேல் மரியாதை இல்லை. என் மனைவி கல்யாணி எப்போதுமே குறைவாகப் பேசுகிறவள். அதற்குப் பிறகு இன்னும் குறைத்துக்கொண்டாள்.

மார்கழி கடைசியில் ஆவுடையப்பனே பத்திரிகையும் வெற்றிலைத் தட்டுமாக வந்தார். “நீரு ஒண்ணும் சொல்லாண்டாம் வே. புள்ளைய ஆசைப்பட்ட எடத்துல குடுத்திரும். வந்து நின்னு தாரை வார்த்தாப் போதும்” என்றார். இறங்கித்தான் வந்திருந்தார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்ன உடுத்தியிருந்தார் தெரியுமா? இளஞ்சிவப்புக் கரை வேட்டி. கல்யாணத்துக்கு அழைக்க வருகிற ஒரு மனிதன் கட்சி வேட்டியிலா வருவான்? என்னால் பொறுக்க முடியவில்லை. “அந்த வேட்டியோடு என் வாசப்படி ஏற வேண்டாம்” என்றேன். அவர் குனிந்து தம் வேட்டியைப் பார்த்தார். பிறகு என் வேட்டியைப் பார்த்தார். தட்டைப் படியிலேயே வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து போனார்.

அப்படியும் நான் போயிருப்பேன். நிச்சயமாகப் போயிருப்பேன். ஆனால் பாருங்கள், கல்யாணத்தன்றுதான் அந்தப் படம் வெளியானது. முகூர்த்தம் காலையில், முதல் காட்சியும் காலையில். என் எண்ணிக்கையைச் சின்ன கேமராவில் பிடித்திருந்தார்கள் என்று சொன்னேன் அல்லவா? அது திரையில் வந்துவிட்டால் போதும், நாடு முழுக்கப் பார்க்கும், ஒன்பது சீட்டையும் தூக்கிக் காட்டியதைப் பார்க்கும், ஆவுடையப்பனும் வாயை மூடிக்கொள்வார், பிரச்சினை அதோடு தீரும். யாருக்காகப் போனேன்? இரண்டு குடும்பத்தின் நன்மைக்காகத்தான். கல்யாணி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். “நான் முதல் காட்சி பார்த்துவிட்டுப் பந்திக்கு வந்துவிடுகிறேன்” என்றேன். தூத்துக்குடியிலிருந்து என் தம்பி வந்திருந்தான். தாரை வார்க்க அவனைக் கூட்டிக்கொண்டு தெருவைக் கடந்தாள். நான் சங்கரன்கோவில் பஸ் ஏறினேன்.

தியேட்டரில் ஒரே சிரிப்பு. எச்சில் தெறிக்கச் சிரிக்கிறார்கள். எங்கள் தெரு, எங்கள் சாக்கடை, எங்கள் மாடு, எல்லாவற்றையும் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவன் அவன் ஊரில் இதே கூத்துதான் நடக்கிறது, அது தெரியாமல் சிரிக்கிறான். வாக்குப்பதிவு வந்தது. பெட்டி வந்தது. மை வைக்கிற ஒரு கை வந்தது, என் கைதான், முகம் இல்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்து ஒரு பாட்டு. பாட்டு முடிந்ததும் உரல் வெற்றி ஊர்வலம். உமையம்மாள் இளஞ்சிவப்புப் புடவையில் ஆடுகிறார், வெகு சந்தோஷமாக. நடுவில் எண்ணிக்கையே இல்லை. ஒரு சீட்டுகூட இல்லை.

நான் எழுந்து நின்று, “எண்ணிக்கை எங்கே?” என்று கேட்டேன். அமைதியாகத்தான் கேட்டேன். பின்வரிசையில் ஒருவன், “பெருசு, தலை மறைக்குது” என்றான். இன்னொருவன், “ஓட்டு எண்ண வந்திருக்காரு மாமா, அடங்கு” என்றான். அதற்கும் ஒரு சிரிப்பு. கடைசிவரை உட்கார்ந்து பார்த்தேன், பின்னால் எங்கேயாவது வைத்திருப்பானோ என்று. எல்லாரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். விளக்குப் போட்டுவிட்டார்கள்.

பஸ் வழியில் டயர் பஞ்சரானது. நான் ஊர் வந்து இறங்கியபோது எதிர் வீட்டில் பந்தல் கழிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் எச்சில் இலைகளை நாய் இழுத்துக்கொண்டிருந்தது. வீட்டில் ஆள் இல்லை. மேசைமேல் அடுக்குக் கேரியர் இருந்தது, கல்யாணி கொண்டுவந்து வைத்திருக்கிறாள். பிரித்துப் பார்த்தேன். சோறு, சாம்பார், அவியல், நமுத்துப்போன அப்பளம். பாயசம் இல்லை. இரவு அவள் வந்தபிறகு கேட்டேன். தீர்ந்துவிட்டது என்றாள்.